வீக்எண்ட் விசிட்: மாத்தூர் டு பழவேற்காடு... டச்சுக் கல்லறை, பூநாரை, ஏரி நண்டு!

சனிக்கிழமை ராத்திரி ஆனால் மாத்தூர் எம்.எம்.டி.ஏ பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "அப்பா, நாளைக்கு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போப்பா!" மெரினா என்றால் கூட்டம். மகாபலிபுரம் என்றால் மொத்த சென்னையையும் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போகவேண்டும். போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கடைசியில் மால், பாப்கார்ன், வீடு என்று ஞாயிறு முடிந்துவிடும்.

ஒருமுறை வண்டியைத் தெற்கே திருப்பாமல் வடக்கே திருப்பிப் பாருங்கள். மாத்தூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் ஒரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. சென்னை என்ற நகரம் உருவாவதற்கு முன்பே உலகக் கப்பல்கள் தேடி வந்த ஊர். அதுதான் பழவேற்காடு.

எப்படிப் போகலாம்?

மாத்தூரிலிருந்து மணலி, மணலி புதுநகர் வழியாக மீஞ்சூர். அங்கிருந்து பொன்னேரி. பொன்னேரியில் கிழக்கே திரும்பினால் நேராகப் பழவேற்காடு. பைக்கிலோ காரிலோ ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். மீஞ்சூர் வரை கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கும் போகும் லாரிகள் அவை. அதனால் காலை 6 மணிக்குக் கிளம்பிவிடுவது நல்லது. பின்னால் குழந்தையை உட்காரவைத்து பைக்கில் போகிறவர்கள் லாரிகளுக்கு நடுவே புகுந்து முந்தும் வேலையே வேண்டாம்.

ரயிலில் போகிறவர்கள் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்து பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. டிக்கெட் செலவு ஒரு டீ, வடைக்குள் முடிந்துவிடும்.

மீஞ்சூரைத் தாண்டியதும் காட்சி மாறும். புகைபோக்கிகள் பின்னால் போய் வயல்கள் வரும். பொன்னேரியில் டிபன் முடித்துக்கொள்ளுங்கள். கோயில் பார்க்கிறவர்களுக்கு ஊரிலேயே அகத்தீஸ்வரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. பழவேற்காடு சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் திருப்பாலைவனம். அங்கே திருப்பாலீஸ்வரர் கோயில். பாலை மரத்தில் தோன்றிய லிங்கம் என்பது தலபுராணம். வெயில் ஏறுவதற்கு முன் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

எலும்புக்கூடு காவல் காக்கும் கல்லறை

பழவேற்காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்கவேண்டியது டச்சுக் கல்லறை. வாசலைப் பார்த்ததும் பிள்ளைகள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பயமுறுத்துவதற்காக வைத்தவை அல்ல. 'எல்லோருக்கும் ஒருநாள் சாவு உண்டு, மறந்துவிடாதே' என்று நினைவூட்டுவது அந்தக் காலத்து ஐரோப்பியர்களின் கல்லறை வழக்கம்.

உள்ளே போனால் பெரிய பெரிய கல் பலகைகள். அவற்றில் டச்சு மொழி எழுத்துகள், குடும்பச் சின்னங்கள், பூ வேலைப்பாடுகள். சில கற்களில் மண்டையோடு. 17-ம் நூற்றாண்டில் இங்கே வியாபாரம் செய்ய வந்து, ஊர் திரும்பாமலே இறந்துபோனவர்கள், அவர்களின் மனைவிமார்கள், குழந்தைகள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் என்பதால் கற்கள்மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதைத் தவிர்க்கலாம். அதுவும் ஒருவரின் சமாதிதானே!

டச்சுக்காரர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? அவர்களுக்குத் தேவைப்பட்டது மிளகு, ஜாதிக்காய், கிராம்பு. அவை இந்தோனேசியத் தீவுகளில் விளைந்தன. ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் பதிலுக்கு விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையில் நெய்த துணியை. துணி வாங்க ஓர் இடம் வேண்டும். விஜயநகர அரசர்கள் காலத்திலேயே பெரிய துறைமுகமாக இருந்த பழவேற்காடு அதற்குப் பொருத்தமாக அமைந்தது. போர்ச்சுக்கீசியர்கள் ஏற்கெனவே இந்தக் கரையில் இருந்ததால் மோதலும் வந்தது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கோட்டைக்கு 'கெல்ட்ரியா' என்று பெயர். நெதர்லாந்தில் உள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக வைத்தது.

சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கட்டத் தொடங்கியது 1640-ல். அப்போது கெல்ட்ரியாவுக்கு 27 வயது. அந்த வகையில் பழவேற்காடு சென்னைக்கு அக்கா முறை!

1690-ல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்றைக்குக் கோட்டை இருந்த இடத்தில் மேடும் முள்புதரும் அகழியின் தடமும்தான் மிச்சம். விவரம் தெரியாதவர்கள் ஏதோ காடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இந்தக் கதையில் இருட்டுப் பக்கமும் ஒன்று உண்டு. இந்தத் துறைமுகத்திலிருந்து துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய நம் மக்களும் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, படாவியா என்றழைக்கப்பட்ட இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கல்லறையில் வணிகர்களின் பெயர்கள் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அப்படிக் கப்பல் ஏறியவர்களின் பெயர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. பெரிய பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

மலேசியாவில் கட்டும் நம்ம ஊர் லுங்கி

மலேசியாவில் இருக்கும் உறவினர்களிடம் 'காயின் பெலிக்காட்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட கைலியைக் காட்டுவார்கள். மலாய் ஆண்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் வீட்டிலும் கட்டும் உடை. 'காயின்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்பது 'புலிக்காட்', அதாவது பழவேற்காடு! இங்கிருந்து கப்பலில் போன கட்டம் போட்ட துணி, ஊர்ப்பெயரையும் சேர்த்து எடுத்துப்போயிருக்கிறது. 400 வருடம் கழித்தும் அந்தப் பெயர் அங்கே கடை கடையாக விற்கிறது.

துணி வியாபாரம் போய்விட்டது. ஆனால் ஊருக்குள் நடந்தால் பழைய துறைமுகத்தின் கலவை இன்னும் தெரியும். ஒரு பக்கம் செம்புரைக்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில். அதில் சின்னச் சின்னதாகச் செதுக்கிய ராமாயணக் காட்சிகளைப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். இன்னொரு பக்கம் போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1515-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம். தமிழ் முஸ்லிம்கள் வாழும் தெருக்களில் பள்ளிவாசல்கள். பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்கப் பயன்பட்ட சூரியக் கடிகாரம் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

இந்தத் தெருக்களில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை, பொம்மை என்று பின்னுகிறார்கள். சாயம் ஏற்றிய ஓலையில் செய்த சின்னப் பெட்டிகள் கொலுவுக்கும் கல்யாணத் தாம்பூலத்துக்கும் பொருத்தமாக இருக்கும். வாங்கும்போது அதிகம் பேரம் பேசாதீர்கள். பின்னுவதற்குப் பிடிக்கும் நேரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விலை கேட்கவே கூச்சமாக இருக்கும்.

தலைகீழாகச் சாப்பிடும் பறவை

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் தமிழ்நாட்டுக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா.

மழைக்காலம் முடிந்து பனி விழும் மாதங்களில் ஏரியில் ஃபிளமிங்கோ எனப்படும் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நீண்ட கால், வளைந்த கழுத்து, பறக்கும்போது தெரியும் இளஞ்சிவப்பு இறக்கை. அந்த நிறம் பிறவியில் வருவதில்லை. சாப்பிடும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் இருக்கும் நிறமிதான் இறகில் ஏறுகிறது. அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, சேற்றை வடிகட்டிச் சாப்பிடும் பறவை இது. ஆழம் குறைந்த தண்ணீர் என்பதால்தான் இந்த ஏரியை அது தேடி வருகிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். விடிகாலையில் போனால் பார்க்கும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணாமலைச்சேரி பகுதியில் பார்க்கலாம். இரண்டு நாள் பயணம் என்றால் சூளூர்பேட்டை வரை போய்விடுங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகும். இன்னும் வடக்கே நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளைப் பறக்கவைத்துப் படம் எடுக்கக் கல் எறிவது மட்டும் வேண்டாம்.

படகு சவாரி... ஒரு நிமிடம்!

கரையில் நின்றால் படகுகள் வரிசையாக நிற்கும். "ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம்" என்று ஆசை வரும். அதற்கு முன் 2011-ஐத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வருடம் டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. உல்லாசமாகச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. ஏரி ஆழம் குறைவுதான். ஆனால் ஏரி கடலைச் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும். காற்றும் திடீரென்று மாறும். மீன் பிடிக்கச் செய்த படகு, நின்றுகொண்டு செல்ஃபி எடுக்கும் கூட்டத்துக்காகச் செய்தது அல்ல.

தடை இருந்தாலும் யாராவது "வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிடலாம். கூப்பிடுகிறவருக்கு அது ஒருநாள் கூலி. உங்களுக்கு அது குடும்பம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே காசுக்கு அவர் ஊரில் மீன் வாங்குங்கள். இரண்டு பேருக்கும் நல்லது.

கடற்கரைக்கும் இதே எச்சரிக்கைதான். பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் கலங்கரை விளக்கமும் ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட மணல் கரையும் வரும். பார்க்க அழகு. ஆனால் இங்கே அலை இழுப்பு அதிகம். குளிக்க இறங்கி உயிரைவிட்ட இளைஞர்கள் பலர். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்துவாரம் பக்கம் அதுவும் வேண்டாம்.

ஊரின் உயிர், முகத்துவாரத்தில்!

ஏரியும் கடலும் சந்திக்கும் வாயைத்தான் முகத்துவாரம் என்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு அழகான வியூ. ஊர்க்காரர்களுக்கு அதுதான் சோறு.

காரணம் எளிது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். அமைதியான உவர்நீரில் வளரும். வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குக் கிளம்பும். அப்போதுதான் வலையில் விழும். இந்த நீரோட்டப் பகுதிகளில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்பதற்கு இங்கே 'பாடு' என்றொரு பழைய முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே எப்போதும் கிடைக்காது. இன்று உனக்கு, நாளை எனக்கு. இந்த உரிமை எல்லா ஊருக்கும் இல்லை என்பதால் அவ்வப்போது சச்சரவும் வருவதுண்டு. இன்னொரு பக்கம் இருளர் குடும்பங்கள் வலையே இல்லாமல், தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட பனை ஓலைப் பறி.

இந்த வாய் மணலால் தூர்ந்துபோனால் எல்லாமே நின்றுபோகும். குஞ்சுகள் உள்ளே வராது, தண்ணீர் மாறாது, கடலுக்குப் போகும் படகு மணலில் தட்டும். ஏரியிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் தவித்த காலங்கள் உண்டு. பொக்லைன் வைத்து வெட்டுவார்கள், அடுத்த சீசனில் கடல் திரும்ப மூடிவிடும். அதனால்தான் இரண்டு பக்கமும் கல் சுவர் கட்டி முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது மீனவர்களின் பல வருடக் கோரிக்கை. அரசும் அதற்கான திட்டத்தைக் கையில் எடுத்தது.

இன்னொரு கவலை தெற்கே இருந்து வருகிறது. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினால் மணல் தெற்குப் பக்கமே தேங்கிவிடும். வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும், ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்து பாறாங்கல் கொட்டவேண்டி வந்ததும் இதனால்தான். இப்போது பழவேற்காட்டுக்குத் தெற்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளி துறைமுகமும் இருக்கின்றன.

காட்டுப்பள்ளியைச் சுமார் 6,000 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் வந்தபோது மீனவக் கிராமங்கள் கறுப்புக்கொடி பிடித்தது இந்தப் பயத்தில்தான். வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் வரும் என்பது துறைமுகத் தரப்பின் வாதம். கடல் அரித்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய மணல் திட்டு போய்விட்டால் ஏரியே இருக்காது என்பது மீனவர்களின் வாதம். கருத்துக்கேட்புக் கூட்டமே ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது. காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் கடலோரச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அலையும் மணலும் சாலையை எத்தனை முறை விழுங்கியிருக்கிறது என்று. அந்த வழியை நம்பி கூகுள் மேப் பார்த்துக் கிளம்பாதீர்கள். பொன்னேரி வழிதான் பாதுகாப்பு.

ராக்கெட் ஏவும் நாள்களில் இங்கே வானத்தைப் பார்த்துக் கைதட்டும் கூட்டம் கூடும். அதே நாளில் பழவேற்காடு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வரும். ஒரே ராக்கெட்... ஒருவருக்குத் திருவிழா, ஒருவருக்கு லீவு, சம்பளமில்லாத லீவு.

சாப்பாடு, ஷாப்பிங்

மதியம் 12 மணிக்குள் கரைக்குப் பக்கத்து மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். நண்டு, இறால், மடவை, கொடுவா எல்லாம் கிடைக்கும். பெரிய ஏரி நண்டுகள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்கு என்பதால் விலை கொஞ்சம் உறைக்கும். மடவையும் சின்ன இறாலும் வீட்டுக் குழம்புக்கே போதும். மடவை வாங்கினால் செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழுகிறதா என்று பாருங்கள். ஒரு ஐஸ் பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் மாத்தூர் வரை மீன் கெடாது. சின்னக் கடைகளில் மீன் சாப்பாடு கிடைக்கும். கூட்ட நாள் என்றால் வந்ததும் சொல்லிவைத்துவிடுங்கள்.

கிளம்பும் முன் செக்லிஸ்ட்

* குடிநீர், தொப்பி, குடை அவசியம். கல்லறையிலும் கடற்கரையிலும் நிழல் குறைவு.
* வயதானவர்களும் பெண்களும் இருந்தால் பொன்னேரியிலேயே கழிப்பறை வேலையை முடித்துக்கொள்வது நல்லது.
* பூநாரை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வெயிலில் குழந்தைகளோடு வேண்டாம்.
* புயல், கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.
* ஏரியில் பிளாஸ்டிக் போடாதீர்கள். அது அடுத்த நாள் யாரோ ஒருவர் வலையில்தான் ஏறும்.
* வலை உலர்த்தும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். மீனவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.
* மாலை 5 மணிக்குள் திரும்பக் கிளம்பினால் மீஞ்சூர் லாரி நெரிசலை இருட்டுவதற்கு முன் தாண்டலாம்.

கிளம்பும் முன் ஏரிக்கரையில் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். டச்சுக் கப்பல்கள் நின்ற இடத்தில் இப்போது ஃபைபர் படகுகள் நிற்கின்றன. கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள். கடல் வாய் திறந்திருக்குமா என்று தினமும் எட்டிப் பார்க்கிறவர்கள்தான் இன்னும் இங்கே இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை மணலியில் உங்கள் வண்டிக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி மெதுவாக நகரும்போது, பழவேற்காடு கொஞ்சம் ஞாபகத்துக்கு வரலாம். ஞாயிறு வாங்கிய மடவைக் குழம்பு மிச்சம் இருந்தால், மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கட்டாயம் வரும்.